ஒன்பது மட்டிகளும் ஒரு காலிக் கட்டமும்

1

கூட்டத்துக்கு முப்பத்தொன்பது மணி நேரம் இருந்தபோது படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டேன். இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. கட்டத்தின் தலைப்பு: 'மீளும் வாய்ப்பு, நூற்றுக்கு.'

எங்களுடையது அமெரிக்காவின் டென்னசியில் ஆற்று மட்டிகளை, அதாவது நன்னீர்ச் சிப்பிகளை, வளர்க்கும் சிறு நிலையம். அழியப்போகும் இனங்கள் இரண்டு. பணம் ஒன்றுக்குத்தான், மற்றதை விட்டுவிட வேண்டும். எதற்கு என்று கூட்டத்தில் கை தூக்கி முடிவெடுப்பார்கள். ஒன்று பழுப்பு மட்டி. ஆற்றில் இருநூறு மிச்சம். இன்னொன்று வெர்னாவின் மட்டி; தேடியெடுத்தவர் எங்கள் மூத்த ஆய்வாளர் வெர்னா, காலிக் கட்டமும் அதற்குத்தான். உலகத்திலேயே ஒன்பது, ஒன்பதும் எங்கள் தொட்டியில்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மார்ச் மாதத் தண்ணீரில் வெர்னா குப்புறப் படுத்து, கூழாங்கற்களை விரலால் தடவி...'

(அழகாக வந்தது. நிறுத்திவிட்டேன். அழகு உங்களை வெர்னா பக்கம் சாய்த்துவிடும்.)

தகவல் போதும்: பதினான்கு வருடத் தேடல். ஓடுகளில் எண் ஒட்டியிருக்கிறது. வெர்னா எண்ணைப் பார்ப்பதில்லை; பார்க்காமலே ஒவ்வொன்றும் எது என்று தெரியும்.

3

மறுநாள் காலை. மீன் தொட்டிகளைக் கவனிக்கும் வெண்டெல் வந்தார்.

"என்ன வெர்னா, உன் செல்லங்களுக்குச் சாப்பாடு ஆச்சா? எனக்கு ஒரு பிஸ்கட்டு நீட்ட ஆளில்ல."

"பாசியத் தின்னுவியா? எறங்கு தொட்டியில."

பிறகு வெர்னா என் பக்கம் திரும்பினார். "கண்ணு, அந்தக் கட்டத்துல என்ன போட்ட?"

"இன்னும் போடலக்கா."

"போடாத வரைக்கும் நல்லாத்தான் இருக்கு."

(இது நான் எழுதிய வசனமல்ல. அவர் சொன்னது. அவருக்கும் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.)

4

உங்களிடமும் ஒன்றை மறைத்திருக்கிறேன். இந்த இனத்தில் அது ஓட்டின் வடிவத்திலேயே தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பார்த்தேன்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்று: கூட்டத்துக்கு முன் ஆற்றில் பத்தாவது மட்டி கிடைக்கிறது. (கிடைக்கவில்லை.) இரண்டு: வெர்னா ஜெயிக்கிறார், ஆற்றில் அந்த இருநூறும் ஒவ்வொன்றாக...

மூன்று: வெண்டெல் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். (அவரும் அந்த ஓடுகளைப் பார்த்தவர்தான்.)

மூன்றிலும் நான் பேசவில்லை. அதுதான் எனக்கு வசதி.

5

கூட்டத்தில் தலைவர் படிவத்தைத் தட்டினார். "இந்தக் கட்டம் ஏன் காலியா இருக்கு?"

வெண்டெல் கூரையைப் பார்த்தார். வெர்னா என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு கண்ணு. எனக்கு வாய் வரல."

எத்தனை கைகள் உயர்ந்தன என்று எழுதமாட்டேன். உங்கள் கையை நீங்களே தூக்கிக்கொள்ளுங்கள். நான் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

"ஒன்பதும் ஆண்."