ஊசா ஆற்றிலிருந்து எடுத்த வண்டி

இளகத் தொடங்கிய ஏப்ரல் மாதப் பனிக்கட்டியை நம்பி, உறைந்த ஊசா ஆற்றில் இறங்கிய யெஃபீமின் வண்டி நடு ஆற்றில் உள்ளே போய்விட்டது. ஒரு காலத்தில் பீரங்கி இழுத்து, பிறகு ராணுவம் கழித்துக்கட்டிய சங்கிலிப்பட்டை வண்டி. அக்கரையில் வயிற்றுவலியால் துடித்த மார்ஃபாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வந்துகொண்டிருந்தான். பனிக்கட்டிமேல் போகும்போது, உடைந்தால் வெளியே குதிக்க வசதியாகக் கதவைத் திறந்துதான் வைப்பார்கள். அவள் குளிரில் நடுங்கினாள் என்று அவன் சாத்தியிருந்தான். கூரைத் திறப்பு வழியாக அவளை மேலே தள்ளிவிட்டான். அவன் வரவில்லை.

உடல் ஜூனில்தான் கிடைத்தது. அடக்கத்தன்று மார்ஃபா வந்து, தன்னால்தான் கதவு சாத்தப்பட்டது என்று சொல்லி அழுதாள். யெஃபீமின் மனைவி அவ்குஸ்தா அவளுக்குத் தேநீர் கொடுத்தாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

வண்டியை எடுத்துத் தரும்படி கொழுந்தன் சவ்வாவிடம் அவள்தான் கேட்டாள். கல்லறைப் பக்கம் நிறுத்தி வைக்க ஆசை. ஆகஸ்டில் தண்ணீர் இறங்கியதும், அதே ரகமான தன் வண்டியில் இரும்பு வடம் கட்டி சவ்வா இழுத்தான். யெஃபீமின் வண்டி கரையேறிய அதே நேரத்தில் சவ்வாவின் வண்டிக்குள் ஏதோ நொறுங்கியது. இடப்பக்கத்துக் கியர் பெட்டி.

அந்த ரகம் செய்வதை நிறுத்தி வெகுகாலம். நகரத்து வியாபாரிகள் எல்லோரும் கையை விரித்தார்கள். குளிர்காலத்தில் அக்கரைக்கு மாவு, டீசல், நோயாளி எல்லாவற்றுக்கும் இனி சவ்வாவின் வண்டி ஒன்றுதான். வேண்டிய சாமான் எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். யெஃபீமின் வண்டியிலிருந்து அதைக் கழற்ற அவ்குஸ்தாவிடம் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. சவ்வா அண்ணன் வண்டி முன்னால் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அவ்குஸ்தா அங்கே வந்தாள்.

"கேக்க வாய் வரலையா உனக்கு?"

"எப்படிக் கேக்கறது அண்ணி? அண்ணன் இன்னும் உள்ள உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு."

"உள்ள யாரும் இல்ல. நான்தானே மண்ணள்ளிப் போட்டேன். கழட்டு."

போகச் சொல்லியும் அவள் போகவில்லை. சவ்வா பெட்டியின் அடித் திருகைக் கழற்றினான். எண்ணெய் தேன் மாதிரித் தெளிவாக ஒழுகியது. அவன் விரலில் தொட்டுப் பார்த்தான்.

"ஒரு சொட்டுத் தண்ணி போகல அண்ணி. போன குளிர்ல அண்ணன் தன் கையாலயே புது ரப்பர் வளையம் போட்டாரு."

"ஆமா, அதுக்கெல்லாம் பாத்துப் பாத்துச் செய்வாரு," என்றவள் கூழாங்கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடக்கத்தன்று வராத அழுகை அன்று வந்தது. சவ்வா திருகுகளைக் கழற்றிக்கொண்டே இருந்தான். நிறுத்தினால் தானும் அழுதுவிடுவோம் என்று பயம்.

செய்தி பரவியதும் மற்ற ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். பட்டைகள், ரேடியேட்டர், தண்ணீர் பம்பு என்று ஒவ்வொன்றாகப் போயின. அவள் யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. அக்டோபரில் கரையில் வெறும் கூடுதான் மிஞ்சியது. அதைக் கல்லறைக்கு இழுத்துப் போகும் பேச்சை அவள் பிறகு எடுக்கவே இல்லை. மார்ஃபாவோடும் பேசவில்லை.

ஆறு உறைந்து, அண்ணனின் கியர் பெட்டி மாட்டிய வண்டியில் சவ்வா முதல் தடவை கிளம்பிய அன்று, ஊரே கரையில் நின்றது. அவ்குஸ்தா தன் ரொட்டிக் கடையை விட்டு நகரவில்லை. உறுமல் சத்தம் ஆற்றுப் பக்கம் இறங்கி, மெலிந்து, பிறகு கேட்காமல் போனது. வெகுநேரம் கழித்து ஒருத்தி ரொட்டி வாங்க வந்து, சவ்வா அக்கரை ஏறிவிட்டான் என்றாள். அவ்குஸ்தா தலையாட்டிவிட்டு, எத்தனை ரொட்டி வேண்டும் என்று கேட்டாள். அந்தப் பெண் சொன்னாள். அது அவ்குஸ்தாவின் காதில் விழவில்லை, மறுபடியும் கேட்டாள்.