கல் மாற்றாத ஞாயிறு

“இதுக்குள்ள ஆர் பெரிய ஆள்?”

ஜதுர்ஷிகா அக்கா முதல்முதலாக லண்டன் பிளேஸ்டோவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, மீன்தொட்டியின் முன்னால் குனிந்து நின்று என்னிடம் கேட்ட கேள்வி அது. என் அண்ணா ரதீசன் கட்டப்போகிற பெண். புது ஆட்களோடு பேச எனக்கு வராது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதற்கும் அதுதான் காரணம். எனக்காக அண்ணாதான் சொன்னான்.

“உந்த நீலக்கலர் ஆள்தான். மற்ற எல்லாரும் அவற்ற வீட்டில ஒண்டிக் குடியிருக்கினம்.”

அக்கா சிரித்தார். அண்ணா அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒருவரும் என் மீன்களைப் பார்க்கவில்லை.

என் மீன்கள் என்று எழுதிவிட்டேன். தொட்டியை வாங்கியது அண்ணாதான். நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திய வருடம், யாரோ வீடு மாறும்போது விற்ற நாலடித் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தான். பிறகு அவனுக்கு ஷிப்ட் வேலை கூடியது, மீன்கள் என்னுடையவை ஆகின. மலாவி ஏரிச் சிக்லிட் மீன்கள், மொத்தம் பதினான்கு. லண்டன் தண்ணீர் அவற்றுக்கு நன்றாகப் பொருந்தும். எங்கள் கேத்திலில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புதான் அவற்றுக்கு வேண்டும். குளோரினைப் போக்கும் மருந்தை மட்டும் விட்டால் போதும். புழு, இறைச்சி கொடுக்கக் கூடாது. வயிறு ஊதிச் செத்துவிடும். பாசி உருண்டையும் தோல் உரித்த பட்டாணியும்தான் சாப்பாடு.

“குழம்பு வைக்கேலாத மீனுக்கு என்ர ஃப்ரீசரில இடம்,” என்று அம்மா பட்டாணிப் பையைக் காணும்போதெல்லாம் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவோம். அண்ணா வாளி தூக்குவான், நான் குழாய் பிடிப்பேன். வாரம் முழுவதும் பேசாத நான் அந்த ஒரு மணித்தியாலம் பேசுவேன். எது எதைத் துரத்தியது, எந்தப் பெண்மீன் வாய்க்குள் முட்டையை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் திரிகிறது, எல்லாம் சொல்வேன். நான் கொப்பியில் எழுதிவைப்பவைதான் அவை. கொப்பியை அவனுக்கும் காட்டியதில்லை. ஆனால் அந்தப் பெரிய மீனுக்கு நான் நீலன் என்று பெயர் வைத்திருப்பதை அவனுக்கு மட்டும் சொன்னேன்.

ஜதுர்ஷிகா அக்கா வந்த பிறகு ஞாயிறு குறுகிக்கொண்டு போனது. ஒரு கையில் வாளி, மறு கையில் போன். “சொல்லு விது, கேக்கிறன்,” என்பான். கேட்கமாட்டான். மூன்றாம் மாதம் வாளியைக்கூட அக்காதான் தூக்கினார். சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு, ஒரு துளி சிந்தாமல் தூக்கினார். நான் முதல் ஆறு மாதம் குழாய் பிடித்துக் கார்பெட் முழுக்க ஊற்றியவள். “பாத்தியோ, என்ன பழக்கம்!” என்றான் அண்ணா. அம்மா என்னிடம் அவரை அண்ணி என்று கூப்பிடச் சொன்னார். நான் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தேவையென்றால் பக்கத்தில் போய் நிற்பேன்.

போன ஞாயிறு அண்ணாவுக்கு மத்தியானம் வரை வேலை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். பதினொரு மணிக்கு அக்கா லூயிஷாமிலிருந்து ரயில் மாறி வந்து கதவைத் தட்டினார். கம்பளிச் சால்வையில் சுற்றி எதையோ குழந்தையைப்போல நெஞ்சோடு பிடித்திருந்தார். பிரித்தால் ஒரு பிளாஸ்டிக் பை, தண்ணீர், உள்ளே ஒரு மீன். நீல உடம்பில் கறுப்புப் பட்டைகள். ஆண்.

“ரதீசனுக்குப் பிறந்தநாள் வருதெல்லே. நீலனுக்கு ஒரு கூட்டாளி.”

நீலனுக்கு.

அந்தப் பெயரை அவர் எத்தனையோ தடவை சொல்லிப் பழகியவர்போலச் சொன்னார். என் காது சூடானது.

“பையைத் தண்ணியில மிதக்க விடச்சொன்னவங்கள். பிறகு அப்பிடியே விடலாமோ? வேற ஏதும் செய்யோணுமோ விது? உனக்குத்தானே தெரியும்.”

எனக்குத் தெரியும். ஒரே நிறத்தில் இன்னொரு ஆண் வந்தால் நீலன் விடவே மாட்டான். தொட்டிக்குள் விட்டே ஆகவேண்டுமென்றால் முதலில் கற்களையெல்லாம் எடுத்து வேறு மாதிரி அடுக்க வேண்டும். அப்போது யாருக்கும் சொந்தக் குகை இருக்காது. பழைய மீன்களும் இடம் தேடித் திரியும், புதிதாக வந்த மீனும் பிழைக்கும். போன வருடம் நானும் அண்ணாவும் அப்படித்தான் செய்தோம். “கவுன்சில் வீடு மாத்திக் குடுத்தமாதிரி, எல்லாரும் பெட்டியோட நிக்கினம்,” என்று அவன் சொல்ல, நான் தரையில் குந்தியிருந்து சிரித்தேன்.

“இல்லை,” என்றேன். “விடலாம்.”

நான் அவரோடு பேசிய முதல் முழு வார்த்தைகள் அவைதான் என்று நினைக்கிறேன். அவருக்கு எவ்வளவு சந்தோஷம்! என் தோளைத் தொட்டார்.

பையைக் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு அக்கா மீனைத் திறந்துவிட்டார். நீலன் கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தான். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். பிறகு பாய்ந்தான்.

“விளையாடுகினமோ?” என்றார் அக்கா.

நான் தோளைக் குலுக்கினேன். ஒரு மணிக்குள் புதியவனின் வால் கிழிந்துவிட்டது. ஹீட்டருக்குப் பின்னால், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, தலை மேலே பார்க்க ஒட்டிக்கொண்டு நின்றான். அக்கா கண்ணாடியில் தட்டித் தட்டி, “நீலன், போதும், விடடா,” என்று கெஞ்சினார். அவர் அழுவதுபோல இருந்தார். எனக்கு அது இனிக்குமென்று நினைத்திருந்தேன். இனிக்கவில்லை. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மணிக்கு அண்ணா வந்தான். ஜாக்கெட்டைக் கழற்றாமலே தொட்டியைப் பார்த்தான்.

“கல்லை மாத்தேல்லையோ?”

“என்ன கல்லு?” என்றார் அக்கா.

“விதுவைக் கேக்கேல்லையோ?”

“கேட்டனான். அவதான் விடலாமெண்டு…” அக்கா பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது. பிறகு அவசரமாக, “இல்லை, நான் வடிவாக் கேக்கேல்லை ரதீசன். என்ர பிழை,” என்றார்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதிலும் அவரே நல்லவர்.

அண்ணா என்னை ஒரு தடவைதான் பார்த்தான். பிறகு சட்டைக்கையை மடித்துவிட்டு, கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துவாயில் வைத்தான். கல் இருக்கும்வரை ஒரு மீனையும் பிடிக்க முடியாது. எப்போதும் அவன் கல் எடுப்பான், வலை என் கையில் இருக்கும். நான் வலையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். அவன் அதை என் கையிலிருந்து வாங்கி அக்காவிடம் கொடுத்தான்.

“மெதுவா, கீழயிருந்து கொண்டுவாரும்.”

அக்கா வலையைத் தண்ணீருக்குள் இறக்கினார். இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை பிடித்தார். புது மீனை வாளியில் விட்டு மூடினார்கள். மீனைத் திருப்பி எடுக்கும் எங்கள் வழக்கமான கடை மனோர் பார்க்கில், நாலு மணிக்குப் பூட்டிவிடும். மீன் கடைக்கு என்னை விட்டுவிட்டு அண்ணா ஒருநாளும் போனதில்லை. நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவருகே நின்றேன்.

“நாங்கள் குடுத்திட்டு வாறம் விது,” என்றார் அக்கா, என் முகத்தைப் பாராமல். வெளியே போய்விட்டார்.

தெரிந்துதான் சொல்லாமல் இருந்தேன் என்று அண்ணாவிடம் சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

“அண்ணா, மூடியை இறுக்காதை. காத்துப் போகோணும்.”

அவன் குனிந்தான். மூடியை ஒரு விரல் அளவு தளர்த்தினான். வாளியைத் தூக்கிக்கொண்டு, என் சப்பாத்துகளைக் கடந்து போனான்.