தொலைந்து போகும் ஒத்திகை

பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் பேசுகிற வேலை எனக்கு. எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று சொல்வதில் முக்கால்வாசி நேரம் போய்விடும். மிச்ச நேரத்தில், பிள்ளையைத் தொலைத்தவர்கள் வந்து என் கண்ணாடி ஜன்னலைத் தட்டுவார்கள். என்ன வயது, என்ன நிறச் சட்டை என்று கேட்பேன். வயதைச் சொல்லிவிடுவார்கள். சட்டையைக் கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பார்கள். பெற்ற பிள்ளை என்ன போட்டிருக்கிறது என்றுகூடத் தெரியாமல் என்ன தாய் தகப்பன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் மைக்கை அழுத்துவேன்.

இப்படி ஒரு வேலை பார்க்கிறவளிடம் வந்து, பிள்ளைகளைக் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகலாம் என்றார் வீட்டுக்காரர். மெத்தைக் கடையில் வேலை பார்ப்பதாலோ என்னவோ, எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நாலு. ஏற்கெனவே இரண்டு தடவை நாள் குறித்து, தலைவலி, மழை என்று நான் தட்டிக் கழித்தாயிற்று. இந்தத் தடவை பெரியவள் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சரி, ஞாயிற்றுக்கிழமை போவோம் என்றேன்.

அந்த இடத்தின் படங்களைக் கைப்பேசியில் பார்த்தேன். ஆள் உள்ளே புகுந்து நடக்கிற அளவுக்குப் பெரிய இதயம் ஒன்று. கப்பல் விட்டு விளையாடத் தண்ணீர் மேசை. அப்புறம், பிள்ளைகள் மட்டும் தவழ்ந்து போகிற இருட்டுச் சுரங்கம். ஒரு வாசலில் நுழைகிற பிள்ளை எந்த வாசலில் வெளியே வரும் என்று சொல்ல முடியாது. படத்திலிருந்த தாய்மார்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நானே நின்று தட்டுவதுபோல் இருந்தது.

சனிக்கிழமை காலை முழுக்க ஒத்திகை வைத்தேன். சின்னவளுக்கு இருட்டென்றால் ஆகாது, பழகட்டும் என்று, வீட்டுக்காரர் படுக்கையறையில் போர்வைகளைக் கட்டி, கட்டிலிலிருந்து துணி அலமாரிவரை ஒரு சுரங்கமே செய்துவிட்டார். சுரங்கத்துக்கு அவர், சட்டதிட்டத்துக்கு நான்.

"அம்மா கண்ணுக்குத் தெரியலேன்னா அப்படியே உக்காந்துடணும். யாரு பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் போகக் கூடாது, பேசவும் கூடாது. நம்ம வார்த்தையைச் சொன்னாத்தான் போகணும்."

வார்த்தையைத் தேர்ந்தெடுத்தது சின்னவள். பல்லில்லாத முதலை. அதைச் சொல்லிச் சொல்லி இரண்டும் உருண்டு சிரித்தன. திடீரென்று சின்னவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"உன் குரல்லயே கூப்பிட்டா?"

ஒலிபெருக்கி வழியாக என் குரல் எங்கெங்கோ போகிறதை அவள் கேட்டிருக்கிறாள். என்ன புத்திசாலி என்று பூரித்துப்போனேன்.

"அப்பவும் வார்த்தை சொன்னாத்தான்."

மதியம் வீட்டுக்காரர் பெரியவளோடு தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைக்குப் போனார். நான் சின்னவளை வீட்டில் விட்டுவிட்டுப் போய், மொட்டை மாடிக் கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வாசல் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. நான் சாத்தினேனா, சாத்தவில்லையா, நினைவில்லை. சின்னவளைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், போர்வையைத் தூக்கிப் பார்த்தேன், குளியலறை வாளியைக்கூட விடவில்லை. பேர் சொல்லிக் கத்தினேன். வீடு கம்மென்று இருந்தது.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கீழே குடியிருப்பின் காவலாளி தன் நாற்காலியில்தான் இருந்தார். பாப்பா வெளியே போகவில்லை என்றார். அப்புறம் கொஞ்சம் இழுத்து, நடுவில் தண்ணீர் பிடிக்கப் பின்பக்கம் போயிருந்ததாகச் சொன்னார். தெருவில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"பாப்பா என்ன கலர் சட்டை போட்டிருந்துச்சு?" என்று கேட்டார் காவலாளி.

காலையில் குளிப்பாட்டி உடுத்திவிட்டவள் நான். பச்சையா, சிவப்பா என்று நானும் பேந்தப் பேந்த விழித்தேன். என் ஜன்னலில் வந்து விழித்தவர்கள் எல்லாரும் வரிசையாகக் கண்முன் வந்தார்கள். அவர்களை என்னவெல்லாம் நினைத்திருக்கிறேன்.

தெருமுனைவரை ஓடினேன், திரும்பி வீட்டுக்கு ஓடினேன். படுக்கையறைத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அப்போதுதான் கடைக்குப் போனவர்கள் வந்தார்கள். விஷயம் கேட்டதும் எதற்கும் அசையாத மனிதர் கையிலிருந்த பாட்டில்களைக் கீழே போட்டார். பெரியவள் மட்டும் என் தோளைத் தொட்டாள்.

"வார்த்தை சொன்னியாம்மா?"

ஊரையே கூப்பிடுகிறவள், பல்லில்லாத முதலை என்று எப்படியோ முனகினேன்.

மூடியிருக்கிறதே என்று நான் தொடாமல் விட்ட அலமாரிக் கதவு திறந்தது. நான் உட்கார்ந்து அழுத இடத்திலிருந்து கையெட்டும் தூரம். சுரங்கத்தில் தவழ்ந்து அதற்குள் போயிருக்கிறாள். என்னைக் காணவில்லை என்றதும், கதவை இழுத்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தொங்குகிற துணிகளுக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் வியர்த்துப்போய் இருந்தாள். மஞ்சள் கவுன்.

"நீ அழுதது கேட்டுச்சும்மா. ஆனா நீ வார்த்தை சொல்லலியே."

அள்ளி மடியில் போட்டுக்கொண்டேன். அடிக்கத் தோன்றியது, யாரை அடிப்பது? அந்த இருட்டுக்குள் இருந்துகொண்டு, வெளியே அழுகிறது அம்மா இல்லை என்று அவள் நம்பியிருக்கிறாள். காணாமல் போனதைவிட இதுதான் எனக்கு நடுக்கத்தைக் கொடுத்தது.

தூங்க வைக்கும்போது, இனி வார்த்தையெல்லாம் கிடையாது, அம்மா கூப்பிட்டால் ஓடி வந்துவிடு என்று சொன்னேன். தலையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினோம். மஞ்சள் கவுனையே மறுபடி போட்டுவிட்டிருந்தேன். வாசலில் நின்று சின்னவளிடம் கையை நீட்டினேன். அவள் தன் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தாள்.

"வார்த்தை?"

பெரியவள் சிரித்தாள். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. நான் குனிந்து அவள் காதில் சொன்னேன். அதற்கப்புறம்தான் கையைக் கொடுத்தாள்.