சொல்லிக்கொடுத்த சாட்சி

குற்றம் சாட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் தங்களில் ஒருவரைக் காப்பாற்ற வேண்டி வந்தால் என்ன பாடு படுவார்கள் என்பதை அந்த அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் வந்து பார்த்திருக்க வேண்டும். நீதிமன்றக் கட்டடத்தின் பின்பக்கம், இரண்டாவது மாடியில், ஐந்து மேசைகளும் ஆறு அலமாரிகளும் திறந்தால் மூட முடியாத ஒரு ஜன்னலும் உள்ள அறை அது. அங்கே இருந்த ஐந்து பேரும் சேர்ந்து எத்தனை பேரை உள்ளே அனுப்பியிருப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. ஆனால் நிதானத்தின் மேல் துறை விசாரணை என்று காகிதம் வந்த அன்று அத்தனை பேருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நிதானம் என்பது அலுவலகம் வைத்த பெயர். மனிதர் எதைக் கேட்டாலும் ஒரு மூச்சு இழுத்து, கூரையைப் பார்த்து, தரையைப் பார்த்து, பிறகுதான் வாயைத் திறப்பார். டீ வேணுமா என்று கேட்டால், கேட்டவர் அடுத்த அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது "வேணும்" என்பார். வயது நாற்பத்தெட்டு. அந்த மெதுவைத் தவிர அவரைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

விஷயம் இதுதான். ஒரு கிடங்கின் பூட்டை உடைத்துத் திருடியதாக அந்தக் கிடங்கின் வாட்ச்மேனையே போலீஸ் பிடித்தது. திருட்டு நடந்த நேரத்தில் அவர் தன் கடையில் நின்று மருந்து வாங்கிக்கொண்டிருந்தார் என்று ஒரு மருந்துக்கடைக்காரர் வாக்குமூலம் கொடுத்திருந்தார். அது நிதானத்தின் மேசைக்கு வந்தது. வந்த அன்றே வாட்ச்மேனின் வழக்கறிஞரிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தது பதினோரு வாரம் கழித்து. பதினோரு வாரமும் வாட்ச்மேன் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் புகார் எழுதிப் போட்டார். போடாமல் இருப்பாரா?

வேண்டுமென்றே மறைத்தாரா என்பதுதான் விசாரணை. மறைத்தார் என்று முடிவானால் வேலை போய்விடும்.

"என்னதான் நடந்துச்சு? என்கிட்ட சொல்லு," என்றார் அக்கா.

அக்கா என்றால் அந்த அறையின் மூத்த வழக்கறிஞர். ஐம்பத்தாறு வயது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் அவருக்குக் 'கத்தரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பொய் சொல்லும் சாட்சியை நாலே கேள்வியில் நறுக்கிப் போட்டுவிடுவார்.

நிதானம் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "பார்த்தேன்க்கா. படிச்சேன். கடைக்காரர் சொன்ன நேரத்துல ஒரு சந்தேகம் இருந்துச்சு. போலீஸ்கிட்ட கேட்டுட்டுக் கொடுக்கலாம்னு டிராயர்ல வச்சேன். அப்புறம் மறந்துட்டேன்."

"மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "படிச்சேன், டிராயர்ல வச்சேன்னு நீ சொன்னா, மறைச்சேன்னு அவங்க எழுதிக்குவாங்க. மறந்துட்டேங்கிறதை எவன் நம்புவான்? கோர்ட்ல ஒருத்தன் இப்படிச் சொன்னா நான் விட்டுருப்பேனா?"

நிதானம் யோசித்தார். "விட்டிருக்க மாட்டீங்க."

அக்காவுக்கு அவர்மேல் இருந்த பாசத்தைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. எட்டு வருடத்துக்கு முன்னால் அக்கா அறுவைசிகிச்சை முடிந்து நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தன் கோப்புகளோடு அக்காவின் கோப்புகளையும் சேர்த்துச் சுமந்தவர் நிதானம். ஒரு வாய்தாகூடத் தவறவில்லை. சாயங்காலமானால் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அன்றைய கோர்ட் கூத்தைச் சொல்லுவார். கதை சிரிக்கும் இடத்துக்கு வருவதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்து நர்ஸ் வந்து துரத்திவிடுவார். மீதிக் கதைக்காக மறுநாள்வரை காத்திருந்தே அக்கா பிழைத்து எழுந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை. கூடப்பிறந்த தம்பி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். இந்தத் தம்பி நாற்பது நாளும் வந்தார்.

அதனால் நிதானத்தின் மனைவி அக்கா வீட்டுக்கு வந்து, "அக்கா, இவருக்குச் சாமர்த்தியமாப் பேசத் தெரியாது, நீங்கதான் எப்படியாவது..." என்று கையைப் பிடித்துக்கொண்டபோது, அக்கா முன்னே பின்னே யோசிக்கவில்லை. "நான் இருக்கேன்ல. நீ போய் நிம்மதியாத் தூங்கு," என்று அனுப்பி வைத்தார்.

மறுநாள் மதியம் கோப்பு அறையில் பாடம் ஆரம்பமானது. அக்காதான் விசாரணை அதிகாரி. பிரிவுபசார விழா தவறாமல் பாட்டுக் கட்டி வருவதால் கவிஞர் என்று பெயர் வாங்கிய இன்னொரு வழக்கறிஞர், கதவருகே காவல்.

"வாக்குமூலத்தைப் பார்த்தீங்களா?"

நிதானம் மூச்சு இழுத்தார்.

"இழுக்காத! சொல்லு. 'அது என் பார்வைக்கே வரலை, அய்யா. வேற கோப்புல சிக்கியிருந்துச்சு. வந்திருந்தா அன்னைக்கே கொடுத்திருப்பேன்.' எங்க, சொல்லு."

"அக்கா, அது வந்து..."

"யாராலயும் பொய்னு நிரூபிக்க முடியாது. உன் டிராயரை யாரும் பார்க்கலை. சொல்லு."

முதல் நாள் தடுமாறினார். இரண்டாம் நாள் வாட்ச் பட்டையைத் திருகிக்கொண்டே சொன்னார். அக்கா வாட்சைக் கழற்றி வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் கண்ணைப் பார்த்துச் சொல்லப் பழகினார். நான்காம் நாள் கேள்வி முடியும் முன்பே பதில் தண்ணீர் மாதிரி வந்தது. கவிஞர் கைதட்டினார். அக்காவும் சிரித்தார். நிதானத்தின் முகம் மட்டும் வாடியிருந்தது. சரியாகச் சாப்பிடாத பசி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

விசாரணைக்கு வரும் அலுவலர் கூடப் பணிபுரியும் ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம் என்பது விதி. அக்கா போனார். நிதானத்தின் மனைவியும் குடையோடு வந்திருந்தார். நிதானம் கையெழுத்துப் போட உள்ளே போயிருந்தார். அவர் மனைவி தண்ணீர் வாங்கக் கீழே போனார். வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. அதில் ஒடிசலாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அக்கா நிற்பதைப் பார்த்து, பக்கத்தில் வைத்திருந்த துணிப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

"உக்காருங்கம்மா. உங்களுக்கும் இங்க விசாரணையா?"

"எங்க தம்பிக்கு."

"என்ன தப்பு பண்ணாராம்?"

"ஒரு காகிதம்... வேலையில ஒரு பிரச்சனை."

"நல்லபடியா முடியும்மா. கவலைப்படாதீங்க. நானும் உள்ள இருந்தப்ப, யாராவது ஒருத்தர் நமக்காக வந்து வெளியில உக்காந்திருக்க மாட்டாங்களான்னு நினைச்சிருக்கேன்."

'உள்ள' என்ற சொல்லில்தான் அக்காவுக்கு அது யார் என்று புரிந்தது. வாட்ச்மேனை அவர் அதுவரை கோப்பில்தான் பார்த்திருந்தார். நல்லவேளை, அதற்குள் நிதானத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே ஒரு மேசை, ஒரு தட்டச்சர், ஓடும்போது தலையாட்டும் ஒரு மின்விசிறி. விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற நீதிபதி. அக்காவும் நிதானமும் பல வருடம் அவர் முன்னால் நின்று வாதாடியவர்கள்தான். அவர் இருமல் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு காகிதத்தைப் புரட்டினார்.

"அந்த வாக்குமூலத்தை நீங்க எப்ப..."

"அது என் பார்வைக்கே வரலை, அய்யா. வேற கோப்புல சிக்கியிருந்துச்சு. வந்திருந்தா அன்னைக்கே கொடுத்திருப்பேன்."

சுத்தமாக வந்தது. ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. அக்காவின் நெஞ்சு ஒரு கணம் நிறைந்தது.

நீதிபதி காகிதத்தை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். "பத்தொன்பது வருஷம் என் கோர்ட்ல நின்னிருக்கீங்க. மணி என்னன்னு கேட்டாக்கூட நீங்க உடனே சொன்னதில்லை. இன்னைக்கு நான் கேள்வியையே முடிக்கலை. யார் சொல்லிக்கொடுத்தது?"

நிதானத்தின் முகத்தில் ஈயாடவில்லை. மூச்சு இழுத்தார். கூரையைப் பார்த்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது அக்காவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. யாரும் இல்லை என்றுதான் சொல்லுவார். முதல் பொய்யை அக்கா சொல்லச் சொன்னதால் சொன்னார். இரண்டாவதை அக்காவுக்காகவே சொல்லப்போகிறார். இருபத்தாறு வருடமாக எதிர்த்தரப்புச் சாட்சிகளைப் பார்த்துக் கைநீட்டி, "இது சொல்லிக்கொடுத்த சாட்சி, அய்யா," என்று எத்தனை முறை முழங்கியிருப்பார் இந்த அக்கா! அப்போதெல்லாம் அவர்களை எவ்வளவு அற்பமாக நினைத்தார்! தனக்கு உயிரான தம்பியையே நாலு நாள் உட்கார வைத்து அப்படி ஒரு சாட்சியாக்கிவிட்டோம் என்று நினைத்தபோது அவமானத்தில் காது சுட்டது. வெளியே பெஞ்சில், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நல்லபடியா முடியும் என்று சொன்னவர் உட்கார்ந்திருந்தார்.

அக்கா எழுந்தார். "நான்தான் அய்யா சொல்லிக்கொடுத்தேன்."

"அக்கா!" என்றார் நிதானம். வாழ்நாளில் அவர் அவ்வளவு வேகமாக ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை.

"நீ சும்மா இரு. நாலு நாள், கோப்பு அறையில, வாக்கியம் வாக்கியமா. இவருக்கு அது பிடிக்கலை. நான்தான் விடலை."

நீதிபதி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு தட்டச்சரிடம், "எழுதுங்க," என்றார். அக்காவிடம் கோபமாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அதற்குப்பிறகு நிதானம் தன் சொந்த வேகத்தில் சொன்னார். பார்த்தது, படித்தது, சந்தேகப்பட்டது, டிராயரில் வைத்தது, மறந்தது. ஏன் மறந்தீர்கள் என்று நீதிபதி கேட்டார். "காரணம் இல்லைங்கய்யா. வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லாம இல்லை. வேலையும் ஜாஸ்தி இல்லை. மறந்துட்டேன். அவ்வளவுதான்." தட்டச்சரே இரண்டு முறை கையை எடுத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் நிதானம் நேராகப் பெஞ்சுக்குப் போனார். "என் மேசையிலதான் இருந்துச்சு. என் தப்பு. மன்னிச்சிடுங்க," என்றார். வாட்ச்மேன் அவரைப் பார்த்தார், பின்னால் நின்ற அக்காவையும் பார்த்தார். "பதினோரு வாரம் சார்," என்றார். பையை எடுத்துக்கொண்டு, தன் வாக்குமூலத்தைக் கொடுக்க உள்ளே போனார்.

நிதானத்தின் மனைவி தண்ணீர் பாட்டிலோடு படியேறி வந்தார். அக்காவுக்கு அவர் முகத்தில் விழிக்கத் துணிவில்லை. "நான் இருக்கேன்னு சொன்னேன், எல்லாத்தையும் கெடுத்துட்டேம்மா," என்றார்.

அந்த அம்மாள் விஷயத்தை முழுதும் கேட்டுக்கொண்டார். "வேலை போனா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலைக்கா. பயமாத்தான் இருக்கு. ஆனா நாலு நாளா இவர் வீட்ல யார்கிட்டயும் பேசலை. கண்ணாடி முன்னாடி நின்னு அதையே சொல்லிட்டிருந்தார். எனக்கு வேற யாரோ வீட்ல இருக்கிற மாதிரி இருந்துச்சு." சொல்லிவிட்டு, பாட்டிலை முதலில் அக்காவிடம்தான் நீட்டினார்.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. மறைத்ததற்கு ஆதாரமில்லை, ஆனால் கவனக்குறைவு சாதாரணமானதல்ல. இரண்டு வருடம் நீதிமன்றத்தில் நிற்கக்கூடாது, கீழ்த்தளத்தில் கோப்புப் பிரிவில் வேலை. வேலை தப்பியது. கவிஞர் சத்தம் போட்டுப் பாடப் போனவர், இரண்டாவது உறையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அது அக்காவுக்கு. சாட்சி சொல்லிக்கொடுத்ததற்காக உங்கள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது, ஏழு நாளில் பதில் சொல்லவும். அடுத்த தலைமை வழக்கறிஞர் அக்காதான் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த வருடம் அது.

அடுத்த நிமிடமே மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

"பதட்டப்படாம பேசச் சொன்னேன்னு எழுதுங்கக்கா. அது சொல்லிக்கொடுக்கிறது ஆகாது," என்றார் கவிஞர். "நான் கதவுகிட்டதான் இருந்தேன். ஒண்ணும் காதுல விழலைன்னு சொல்றேன்."

"அன்னைக்கு உங்களுக்கு ரத்த அழுத்தம், என்ன பேசினோம்னே தெரியலைன்னு போடுங்க," என்றார் இன்னொருவர்.

"யாராலயும் நிரூபிக்க முடியாதுக்கா," என்றார் மூன்றாமவர்.

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அத்தனையிலும் பாசம் வழிந்தது. தனக்காகப் பொய் சொல்ல இத்தனை பேர் வரிந்துகட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க அவருக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கோப்பு அறையில் நிதானம் ஏன் வாயைத் திறக்க முடியாமல் தவித்தார் என்பது இப்போதுதான் உறைத்தது. இவ்வளவு அன்பாக நீட்டுவதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

கீழ்த்தளத்திலிருந்து படியேறி நிதானம் வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்து வந்து அக்காவின் மேசையருகே போட்டு உட்கார்ந்தார்.

"நீ ஒண்ணும் யோசனை சொல்லலையா?" என்றார் அக்கா.

நிதானம் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். மற்ற மூவரும் காத்திருந்தார்கள்.

"இல்லைக்கா. நீங்க எழுதுங்க. நான் உக்காந்திருக்கேன்."

அக்கா பேனாவை எடுத்து, "ஆம், சொல்லிக்கொடுத்தேன்," என்று முதல் வரியை எழுதினார். கண்ணீர் மறைத்ததால் அடுத்த வரிக்குக் கொஞ்ச நேரமானது. நிதானம் அவசரப்படுத்தவில்லை.