மூணு சுழி இணைப்பு

பன்னிரண்டு மணிக்குள் அக்கா, வேலைக்கு வருவதாக மின்னஞ்சல் அனுப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். எங்கள் ரயிலோ வருகிறபாடில்லை. அவள் போனில் டேட்டா தீர்ந்துவிட்டது. என் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. மணி பதினொன்றரை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

காத்திருப்பு அறையில் அக்காவின் போன் இரண்டு இலவச வைஃபை காட்டியது. ஒன்று ‘நிலைய இணைப்பு’, இன்னொன்று ‘நிலைய இனைப்பு’. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். வீட்டில் என் பட்டப்பெயரே ‘ஒற்று’. அந்த இரண்டாவதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டு சுழி போட்டிருக்கான் பாரு, அது திருட்டு வைஃபை. மூணு சுழியில போ."

"பெரிய மேதாவி! விசாரணை ஜன்னல்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாயேன்டா."

"இதுக்குக்கூடவா கேப்பாங்க?"

மூணு சுழியைத் தொட்டாள். ஒரு பக்கம் திறந்து மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் கேட்டது. ஓர் ஒற்றுகூட விடுபடாத சுத்தமான தமிழ். "தைரியமாப் போடுக்கா" என்றேன். போட்டாள். அப்புறம் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

ஜன்னலுக்கு ஓடினேன். உள்ளே இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்களோடது ரெண்டு சுழிதான் தம்பி. ஆரம்பத்துல யாரோ தப்பா அடிச்சது, அப்படியே நின்னுபோச்சு. அது கடவுச்சொல்லே கேக்காது. ஐயையோ, போட்டுட்டீங்களா?"

திருட்டுப் பயலுக்கு இவ்வளவு நல்ல தமிழா! எனக்கு என்னையே அறைய வேண்டும்போல இருந்தது.

அந்த அம்மா தன் போனிலிருந்தே ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தார். அக்காவின் கடவுச்சொல் செல்லவில்லை. அதற்குள் எவனோ மாற்றிவிட்டான். குறுஞ்செய்தியில் எண் வந்தால்தான் கணக்கை மீட்க முடியும். வரவில்லை. பதினொன்று ஐம்பத்து மூன்று. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. ஐம்பத்தாறில் போன் அதிர்ந்தது.

புதுக் கடவுச்சொல் போட்டு உள்ளே போய், ஒரே வரி அடித்தாள். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். ‘திங்கள் முதல் பணியில் மகிழ்ச்சியுடன் இனைகிறேன்.’

வாய்வரை வந்துவிட்டது.

"என்னடா ஒற்று?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா. அனுப்பு."