ஏழாவது வேட்டு

திரியில் நெருப்புப் பட்டதும் சீற வேண்டும். சீறினால் நல்ல திரி. படபடவென்று பொரிந்தால் ஈரம் ஏறியிருக்கிறது, அதை நம்பக் கூடாது. கிணறு வெட்டுகிறவனுக்கு வெடி விஷயத்தில் கண் உதவாது, காதுதான்.

எண்பத்து மூன்றாம் வருஷம், மழையே இல்லாத சித்திரை. செக்கானூரணிக்கு மேற்கே விருமாண்டியின் கிணற்றில் பாறையைத் துளைத்து ஏழு குழிக்கு வெடிமருந்து கெட்டித்திருந்தோம். என் தங்கச்சி புருஷன் சுருளி உள்ளே இறங்கி ஏழு திரிக்கும் நெருப்பு வைத்துவிட்டு மேலே ஓடி வந்தான்.

"ஆறு சீறுச்சு மச்சான். ஒண்ணு லேசாப் பொரிஞ்சுச்சு" என்றான்.

எண்ணுகிற வேலை என்னுடையது. இடது கையில் ஏழு கூழாங்கல் வைத்திருப்பேன். ஒரு வேட்டுக்கு ஒரு கல் வலது கைக்குப் போகும். இடது கை காலியானால்தான் ஆள் இறங்கலாம். ஒரு கல் மிஞ்சினாலும் மறுநாள் விடியும்வரை கிணற்றுப் பக்கம் போகக் கூடாது. நாங்கள் மண்மேட்டுக்குப் பின்னால் படுத்துக்கொண்டோம்.

ஆறு வெடித்தது. ஒவ்வொன்றுக்கும் புளியமரத்துக் காக்கைகள் கிளம்பிக் கிளம்பி உட்கார்ந்தன. அப்புறம் ஒன்றுமில்லை. என் இடது கையில் ஒரு கல் கிடந்தது.

விருமாண்டி தலையில் கை வைத்தார். "காலையில பாறைக்கண்ணுல தண்ணி கசிஞ்சுச்சேப்பா. வெத்தலைக் கொடிக்கால் இன்னைக்கே வாடிக் கெடக்கு. நாளைக்கிங்கிறீங்களே."

"நாளைக்கித்தான்" என்றேன்.

யாரும் பக்கம் போய்விடக் கூடாதென்று மேட்டிலேயே காவல் இருந்தோம். வெயில் சாயத் தொடங்கிய நேரம் கிணற்றுக்குள் டமாரென்று ஒரு சத்தம் கேட்டது. மூன்று பேருக்கும் கேட்டது. சுருளி துள்ளி எழுந்தான்.

"ஏழு! கல்லை மாத்து மச்சான், நான் இறங்குறேன்."

நான் மாற்றப் போனேன். கை வரவில்லை. மேட்டோரம் கட்டியிருந்த ஆடு அசை போட்டுக்கொண்டே இருந்தது. மரத்தில் ஒரு காக்கைகூட அசையவில்லை. கிணற்று வாயில் புகை இல்லை, மருந்து நெடி இல்லை.

"ஆறுதான் மாப்ள."

"எனக்கென்ன காது செவிடா?" என்றார் விருமாண்டி.

சுருளி சிரித்தான். "மொக்கையண்ணன் செத்ததுல இருந்து மச்சானுக்கு எண்ணிக்கையே ஓட மாட்டேங்குது. இம்புட்டுப் பயம் இருந்தா பேசாம ஆரப்பாளையத்துல கடலை வறுக்கப் போ."

மொக்கையன் அதற்கு முந்தின வருஷம்வரை என் கூட்டாளி. நாகமலை அடிவாரத்தில் ஒரு கிணறு. மலையில் மோதித் திரும்பிய ஓசையையும் ஒரு வேட்டாக எண்ணி, கல்லை மாற்றி, "இறங்குடா" என்று சொன்னவன் நான். அவன் இறங்கிக் கடப்பாரையை மூன்று தரம் போட்டான். மூன்றாவது போட்டதில் வெடித்தது.

இப்போது சுருளி என் பேச்சைக் கேட்காமல் கயிற்றைப் பிடித்துவிட்டான். ஒரு கால் உள்ளே போய்விட்டது. தங்கச்சி முகம் என் கண்ணில் வந்து நின்றது. ஓடிப் போய் அவன் இடுப்புத் துண்டோடு சேர்த்து இழுத்தேன். இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தோம்.

"விடுய்யா! கோட்டி பிடிச்சிருச்சா ஒனக்கு?"

"சத்தம் போடாத. கேளு."

உள்ளே சீறியது. எரிந்து மூன்று மணி நேரமான திரி, இப்போதுதான் நெருப்பு வைத்தது போல நீளமாகச் சீறியது. பிறகு நின்றது.

"காத்தா இருக்கும்" என்றான் சுருளி. குரல் இறங்கியிருந்தது.

அப்புறம் கடப்பாரைச் சத்தம் கேட்டது.

ணங்.

எங்கள் கடப்பாரை இரண்டும் மேட்டில்தான் கிடந்தன. ஆட்களும் மூன்று பேர்தான். மூன்று பேரும் மேலேதான் இருந்தோம்.

ணங்.

விருமாண்டி "உள்ள யாருப்பா?" என்று எட்டிப் பார்க்கப் போனார். அவர் காலைப் பிடித்து வாரி, இரண்டு பேரையும் மேட்டுக்குப் பின்னால் இழுத்துத் தள்ளினேன். மூன்று பேரையும் மண்மேடு மறைத்த அந்த நொடியில் மூன்றாவது ணங் கேட்டது. கூடவே பாறை பிளந்தது. கல் ஆள் உயரத்துக்கு மேலே சிதறிச் சடசடவென்று விழுந்தது. காக்கைகள் மொத்தமும் கத்திக்கொண்டு பறந்தன. ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

சுருளி என் கையை விடவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் வந்தோம். கிணற்றில் முழங்கால் அளவு தண்ணீர் கிடந்தது. விருமாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். சரிந்த கல்லை அள்ள ஆள் இறங்க வேண்டும். சுருளி கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு குனிந்து, ஆளில்லாத கிணற்றுக்குள் மரியாதையாகச் சொன்னான்.

"மொக்கையண்ணே, மேல வந்துருங்க. நான் இறங்கி வாரேன்."

நானும் அவனும் கயிற்றைவிட்டு ஒதுங்கி வழி விட்டோம்.