நடுவில் மூன்று பலகை

எங்கள் பாலத்துக்கு ஏன் கூரை என்று கேட்காத வெளியூர்க்காரர் கிடையாது. கோடையில் காரை ஓரங்கட்டிவிட்டு இறங்குவார்கள். மழைக்கு ஒதுங்குவதற்கு என்பார் ஒருவர். குதிரை ஆற்றைப் பார்த்து மிரளாமல் இருக்க என்பார் இன்னொருவர். காதலர்கள் ஒளிந்துகொள்ள என்று சொல்லிவிட்டு ஒரு பெண் களுக்கென்று சிரிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். மனுஷருக்காக யார் இவ்வளவு மரத்தைச் செலவழிப்பார்கள்? கூரை, உத்தரங்களுக்காக. நனைந்தால் பத்துப் பதினைந்து வருடத்தில் உளுத்துப்போகும் மரம், நனையாமல் இருந்தால் நூறு வருடம் நிற்கும். அவ்வளவுதான் ரகசியம்.

கேட்க வேண்டிய கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. இப்படி மூடி வைத்தால் குளிர்காலத்தில் சறுக்குவண்டி எப்படிப் போயிற்று? அதற்குச் சக்கரம் கிடையாது. அடியில் இரும்புப் பட்டை அடித்த இரண்டு சட்டங்கள், அவை பனியில்தான் வழுக்கி ஓடும். வெறும் பலகையில் ஏறினால் கிறீச்சென்று ஒரு சத்தம், அதோடு சரி. குதிரை எவ்வளவு முக்கினாலும் நகராது. அதனால் பனி உள்ளே விழக்கூடாது என்று கூரை போட்ட நாங்களே, ஒவ்வொரு தடவை பனி கொட்டி ஓய்ந்ததும் மண்வாரியால் அள்ளி உள்ளே பரப்பினோம். அதற்கு ஊர் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தது. எங்கள் வெர்மான்ட் மாநிலத்தில் இதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கிழக்குப் பாதிக்கு அந்த ஆள் நான். அப்பாதான் முதலில் செய்துகொண்டிருந்தார். குதிரை உதைத்து அவர் இடுப்பு போனதும், 1909இல், மண்வாரி மகளான என் கைக்கு வந்தது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஊர்ப் புத்தகத்தில் அவர் பெயர்தான் இருந்தது, முதுகுவலி எனக்கு இருந்தது.

ஆறுதான் இரண்டு ஊருக்கும் எல்லை. இந்தக் கரை ஆல்டன், எங்கள் ஊர். அந்தக் கரை பெக்வில். பாலத்தின் நடுக்கோட்டை இரண்டு ஊரும் தனித்தனியாக அளந்தன, அளவு ஒத்துப்போகவில்லை. நடுவில் மூன்று பலகை யாருக்கும் சேராமல் நின்றுவிட்டது. மற்ற இடத்தில் எல்லைத் தகராறு என்றால் என்னுடையது என்னுடையது என்று அடித்துக்கொள்வார்கள். இங்கே உன்னுடையது உன்னுடையது என்று அடித்துக்கொண்டார்கள். பலகை உடைந்தால் மாற்ற வேண்டும், பனி போட வேண்டும், யாருக்கு வேண்டும் அந்தச் சொத்து? மார்ச் மாத ஊர்க்கூட்டம் ஒவ்வொன்றிலும் இதைப் பேசினார்கள், மதியம் அவரைக்காயும் பன்றிக்கறியும் சாப்பிட்டுவிட்டு முடிவெடுக்காமல் கலைந்தார்கள்.

நான் வேலைக்குப் போன முதல் காலை, என் பாதியை முடித்து நிமிர்ந்தால் எதிரே ஒருவன் மண்வாரியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். லெவரெட் ஸ்டோடார்ட். பெக்வில் கரையில் அண்ணன் ஓரினோடு பண்ணையில் இருந்தவன். அவன் பாதி சுத்தமாக முடிந்திருந்தது. நடுவில் மூன்று பலகை மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

"அதை யாரு போடறது?" என்றேன்.

"உங்க ஊரு."

"எங்க ஊரா? யாரு சொன்னது?"

"எங்க ஊரு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். சோம்பேறி, கல்லுளிமங்கன், மூணு பலகைக்கு முதுகு வளையாதவன் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அதற்குள் பால் வண்டி டெல்பர்ட் வந்து நடுவில் மாட்டிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினான். லெவரெட் நிதானமாகப் போய் அள்ளிவந்து மூன்று பலகையையும் மூடினான். மூடிவிட்டு, "நல்லா திட்டுற" என்றான்.

அடுத்த பனிக்கும் அதே மூன்று பலகை. அதற்கடுத்த பனிக்கும். எப்போதும் சரியாக அங்கே வந்து நிறுத்திக்கொள்வான், நான் வரும்வரை நிற்பான், நான் திட்டி முடித்ததும் போடுவான். இரண்டாவது குளிர்காலம் நான் தூக்குவாளியில் காப்பியும், பொரித்த டோநட் நாலும் கொண்டுபோக ஆரம்பித்தேன். நடு உத்தரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம். சுவரில் போன வருடத்து சர்க்கஸ் சுவரொட்டி ஒட்டியிருக்கும், யானைக்கு மட்டும் காது கிழிந்திருக்கும். பலகை இடுக்கு வழியாக வெளிச்சம் கோடு கோடாக விழும். கீழே ஆறு உறைந்து கிடக்கும். அங்கே உட்கார்ந்து அவன் வீட்டுப் பசுவின் மடிக்கட்டியைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருக்கிறோம்.

"எதுக்கு ஒவ்வொரு தடவையும் மூணு பலகையை விட்டு வைக்கிற?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"முழுசா போட்டுட்டா நீ பேசாம வீட்டுக்குப் போயிடுவியே."

"டோநட்டைத் தின்னு" என்றேன்.

பாலத்து நடுவில் குதிரையை நிறுத்தி முத்தம் கொடுப்பது எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லோருக்கும் வழக்கம். பழகிய குதிரைகள் சொல்லாமலே நின்றுவிடும். டெல்பர்ட் எங்களைக் கடந்து போகும்போதெல்லாம், "என் குதிரைகூட உங்களைப் பாத்தா நிக்குது, உங்க ரெண்டு பேருக்கும்தான் ஒன்னும் விளங்கல" என்பான். எனக்கு விளங்கித்தான் இருந்தது. லெவரெட்டுக்கும் விளங்கித்தான் இருந்தது. ஆனால் இரண்டு பேரில் ஒருவர் வாயைத் திறக்க வேண்டுமே. நாலு குளிர்காலம் போயிற்று. ராத்திரி பனி விழும் சத்தமே கேட்காது என்பார்கள், எனக்குக் கேட்கும். காலையில் அவனைப் பார்க்கலாம் என்று அர்த்தம்.

ஐந்தாவது குளிர்காலம், பிப்ரவரியில், டெல்பர்ட் பால் அளக்கும்போது சொன்னான்: "லெவரெட்டுக்குக் கோடாலி வழுக்கி உள்ளங்கையில வெட்டு. தையல் போட்டிருக்கு." மறுநாள் காலை முழங்கால் அளவு பனி. கையில் தையலோடு அவன் எப்படி அள்ளுவான்? விடிவதற்கு முன்பே போனேன். என் பாதியை முடித்தேன். நடுப் பலகைகளுக்குத்தான் பனியை வாசலிலிருந்து ரொம்ப தூரம் சுமக்க வேண்டும், அதனால் அந்த மூன்றையும் நானே மூடினேன். அவன் பாதியையும் போட்டிருப்பேன், ஊர் என்ன பேசும் என்று பயம். அப்பாவுக்கு வேறு காலைச் சாப்பாடு கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்துவிட்டேன். பார்த்தால் புரிந்துகொள்வான் என்று வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம்.

அடுத்த பனிக்கு டோநட்டோடு போனேன். அவன் இல்லை. எனக்கு முன்பே வந்து தன் பாதியைப் போட்டு, மூன்று பலகையையும் மூடிவிட்டுப் போயிருந்தான். அதற்கடுத்த பனிக்கும் அப்படியே. சரி, என்னைப் பார்க்க அவனுக்கு இஷ்டமில்லை என்று எடுத்துக்கொண்டேன். கரையைத் தாண்டிப் போய், ஏன்டா வரலை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு வீம்பு. ஏப்ரலில் அவன் மேற்கே வாஷிங்டன் மாநிலத்துக்கு, மரம் அறுக்கும் ஆலை வேலைக்குப் போய்விட்டதாக டெல்பர்ட்தான் சொன்னான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அதன்பிறகு மேற்குப் பாதி ஓரின் கைக்கு வந்தது. நல்ல மனிதர், பேச்சே கிடையாது. நான் ஒவ்வொரு தடவையும் மூன்று பலகையை வெறுமையாக விட்டுவிட்டு வருவேன், அவர் ஒவ்வொரு தடவையும் மூடிவிட்டுப் போவார். பன்னிரண்டு குளிர்காலம். ஏன் விட்டேன் என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால், அது உங்கள் ஊர்ப் பங்கு என்று சொல்லியிருப்பேன்.

1926 ஜனவரியில் ஓரின் இறந்துபோனார். தம்பி லெவரெட் ரயிலில் வருகிறான், அவன் மனைவியும் வருகிறாள் என்று டெல்பர்ட் சொன்னான். எங்கள் பக்கம் குளிர்காலத்தில் நிலத்தில் கடப்பாரை இறங்காது. வசந்தம் வரும்வரை சவப்பெட்டியை இடுகாட்டு வாசலிலிருக்கும் கல் அறையில் வைத்திருப்போம். இடுகாடு என் கரையில். பெட்டி பாலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும்.

அன்று காலை மேற்குப் பாதியை ஓரினின் பக்கத்து வீட்டுக்காரர் அவசரமாகப் போட்டுவிட்டு, அவர்கள் ஊர் அளவுப்படி கோட்டில் சரியாக நிறுத்தியிருந்தார். நானும் என் கோட்டில் நிறுத்தினேன். நடுவில் மூன்று பலகை. போட்டிருக்க வேண்டும், பெட்டி வருகிறது என்று தெரியும். கை வரவில்லை. பொய் சொல்வானேன், கை வந்தது, நான்தான் விடவில்லை. மண்வாரியோடு அங்கேயே நின்றேன்.

சட்டம் கிறீச்சிட்டது. பெட்டி வண்டி நின்றது. பின்னால் வந்த வண்டிகளும் ஒவ்வொன்றாக நின்றன.

"ஏ லொவீனா!" என்று கத்தினான் டெல்பர்ட். பெட்டி வண்டியை ஓட்டியவன் அவன்தான். "உனக்கு அறிவிருக்கா? செத்தவனையாவது நிம்மதியாப் போக விடேன்!"

இரண்டாவது வண்டியிலிருந்து லெவரெட் இறங்கி வந்தான். தலை நரைத்திருந்தது. வெறும் பலகைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இது யாரு பங்கு?"

"உங்க ஊரு" என்றேன்.

"எங்க ஊர்ல அப்படிச் சொல்லமாட்டாங்களே."

"உங்க ஊர்க்காரனுங்க என்னைக்கு உண்மையைச் சொன்னானுங்க?"

கையை நீட்டினான். உள்ளங்கையில் குறுக்கே வெள்ளையாக ஒரு தழும்பு. மண்வாரியைக் கொடுத்தேன். என் பாதியில் கனமாகக் கிடந்த இடத்திலிருந்து அள்ளிப் போட்டான், நான் பூட்ஸால் மிதித்துச் சமன்செய்தேன். இருவரும் குனிந்தே இருந்தோம்.

"அன்னைக்கு நீயே மூடிட்ட" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"உன் கையில வெட்டுன்னு டெல்பர்ட் சொன்னான். சிரமப்பட வேண்டாமேன்னு போட்டேன்."

மண்வாரி நின்றது. "கைக்காகவா?"

"வேற எதுக்கு?"

"இனிமே நடுவுல வந்து நிக்காதேன்னு நீ சொல்றதா நெனச்சேன்."

"மடையா."

"ஆமா." மறுபடி அள்ளினான். "அன்னைக்கு உன்கிட்ட ஒன்னு கேக்கணும்னுதான் வந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன்."

"என்ன கேக்க வந்த?"

அவன் திரும்பிப் பார்த்தான். டெல்பர்ட் கடிவாளத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். இரண்டாவது வண்டியில், கம்பளிப் போர்வைக்குள் லெவரெட்டின் மனைவி குளிரில் ஒடுங்கியிருந்தாள்.

"பெட்டி நிக்குது, லொவீனா" என்றான்.

மண்வாரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் வண்டியில் ஏறினான். வண்டி என்னைக் கடக்கும்போது அவள் கேட்டது காதில் விழுந்தது. "யாருங்க அவங்க?"

"பாலத்துல பாதி அவங்களோடது" என்றான்.

அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நல்ல முகம். திட்டவும் வழியில்லாத முகம். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கே மறுபடியும் பனி பிடித்துக்கொண்டது. மறுநாள் அவர்களுக்கு ஏழு மணி ரயில், பெக்வில் கரையில். நான் வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்பினேன், ஊதல் சத்தம் கேட்டபிறகு. மேற்குப் பாதியை இனி யார் போடுவார்களோ என்று நினைத்துக்கொண்டே என் பாதியைப் போட்டு நடுவுக்கு வந்தேன்.

மேற்குப் பாதி போட்டிருந்தது. ஓரம் கத்தியால் வெட்டினாற்போல் நேராக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கைவேலை இல்லை அது. அந்தக் கையை எனக்குத் தெரியும். ரயிலுக்கு முன்னால் வந்து போட்டிருக்கிறான். போட்டு, கோட்டில் நிறுத்தியிருக்கிறான். நடுவில் மூன்று பலகை வெறுமையாகக் கிடந்தது.

உத்தரத்தில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன். வந்தது கோபம். எழுந்து நின்று, சோம்பேறி என்றேன். பாலம் அதைத் திருப்பிச் சொன்னது. கல்லுளிமங்கன் என்றேன். மூணு பலகைக்கு முதுகு வளையாதவன் என்றேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில், அவன் வழக்கமாகத் தலை குனிந்துகொள்ளும் அளவுக்கு இடம் விட்டு, பழைய வரிசையிலேயே சொன்னேன். பன்னிரண்டு வருடத்துப் பாக்கி இருந்தது.

டெல்பர்ட்டின் பால் வண்டி மேற்கு வாசலில் வந்து நின்றது.

"யாரைத் திட்டுற?"

"லெவரெட்டை."

"அவன் ஏழு மணி ரயில்ல போயிட்டான், லொவீனா." குரலில் கேலி இல்லை.

"தெரியும்" என்றேன். "குதிரையைக் கொஞ்சம் அங்கேயே நிறுத்து. நான் இன்னும் முடிக்கலை."